மாதா திருப்பி அனுப்பிய சீட்டு

பிள்ளைகளே, உங்கள் அம்மா பிழைக்க மாட்டாள் என்று ஒரு ஊரே நினைத்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு நீங்கள் யாரும் பிறக்கவில்லை. மூத்தவள் மாலா மட்டும் அம்மா வயிற்றில் இருந்தாள். அவளும் பிழைக்க மாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். அந்த நிலைமைக்குக் காரணம் வேறு யாரும் இல்லை. நான்தான்.

இதை எட்டு வருஷமாக உங்களிடம் நான் சொன்னதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலா முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போகிறாள். அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படித் தயார் செய்யணும் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நேற்று அவள் என்னிடம் வந்து, "நைனா, நீ எதுனா பெரிய தப்பு பண்ணியிருக்கியா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லுங்களேன், கேக்குறா இல்ல" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞானோபதேசம் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாமா என்று உபதேசியார் கேட்டார். தாராளமாக வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். செஞ்சியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, இப்போது இருக்கிற இதே சைக்கிள் ரிப்பேர்க் கடைதான். உங்கள் அம்மா லூர்துவுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்திருந்தது. அக்டோபர் மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அவளைச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்சம்மா வயிற்றை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

பிள்ளை குறுக்கே கிடக்குது என்றார். இன்னும் நாள் இருக்குது, திரும்பினாலும் திரும்பும், பதினைந்து நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு வாங்க, திரும்பாவிட்டால் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கவே கூடாது, வலி எடுத்த உடனே விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடணும் என்றார். சொன்னதை எல்லாம் இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதி, சீல் குத்திக் கையில் கொடுத்தார்.

குறுக்கே என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் நின்றது. பிள்ளைகளே, என்னைப் பெற்ற தாய் நான் ஏழு வயசாக இருக்கும்போது பிரசவத்தில் இறந்துபோனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பெண்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டதும் இதே வார்த்தைதான். வெளியே வந்தேன். நர்சம்மா இன்னா சொன்னாங்க என்று லூர்து கேட்டாள். எல்லாம் நல்லா இருக்குதாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, கேட்டால் சிரிப்பீர்கள். அக்டோபர் ஜெபமாலை மாதம் அல்லவா. அந்த மாதம் முழுக்க ஜனங்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி, நம்ம கோயில் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்பார்கள். யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். மாதத்தின் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் எல்லாச் சீட்டையும் சேர்த்துத் தூபக்காலில் போடுவார்கள். புகை மேலே போகும். இப்போதும் அந்த வழக்கம் இருக்கிறது, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். நான் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்து, மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மாதாவுக்குத் தெரியுமே என்று நினைத்தேன்.

அதைத்தான் விசுவாசம் என்று நம்பினேன். மனுஷரிடம் சொன்னால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும், மாதாவிடம் விட்டாச்சு, இனி வாய் திறக்கக் கூடாது என்று இருந்தேன். தினமும் ஜெபமாலை சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அது விசுவாசம் இல்லை. பயம். அந்த வார்த்தையை என் வாயால் சொல்லப் பயந்துதான் மாதாவின் காலடியில் ஒளித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. உங்கள் தாத்தா சவரிமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்து லூர்துவைத் தங்கள் ஊருக்கு அழைத்துப் போனார். மண்டகப்பட்டில் விழுப்புரம் ரோட்டை விட்டு இறங்கி, பனமலைப் பக்கம் உள்ளே போகணும், உங்களுக்குத் தெரிந்த வழிதான். பதினைந்து நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களே, அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வளையல் சத்தம் கேட்க அவள் வண்டியில் ஏறினாள். நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இனி நடந்ததில் பாதி உங்கள் அம்மா சொன்னது. நான் அங்கே இல்லை.

நாங்கள் நினைத்திருந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மருத்துவச்சி அஞ்சலையம்மா வந்தார். அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளை அவர்தான் எடுத்திருக்கிறார். சாயங்காலம் ஆயிற்று, ராத்திரி போயிற்று, பொழுதும் விடிந்தது. பிள்ளை வரவில்லை. தலைப்பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று முதலில் சொன்ன அஞ்சலையம்மா பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் போனதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்று லூர்து சொல்லுவாள்.

பிரசவம் கஷ்டமானால் வீட்டில் கட்டி வைத்ததை எல்லாம் அவிழ்ப்பது, மூடி வைத்ததை எல்லாம் திறப்பது அங்கே வழக்கம். அவள் சடையை அவிழ்த்தார்கள். மாட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டைகளின் வாயைப் பிரித்தார்கள். கடைசியில் அவளுடைய கல்யாணப் புடவை இருந்த பெட்டியைத் திறந்தார்கள்.

"வழக்கத்துக்குத்தான் தொறக்குறாங்கன்னு தெரியும்" என்று உங்கள் அம்மா ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "ஆனா அந்தப் பொடவையப் பாத்ததும், எனக்குக் கடைசியாக் கட்டி அனுப்பத்தான் எடுக்குறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

இதைச் சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிள்ளை பிறக்கும் வரைக்கும் மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து, ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அக்டோபர் மாதக் கடைசி சனிக்கிழமை. மழையில் ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்போது மடத்துச் சிஸ்டர் குடையோடு வேகமாக வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற, குரல் உயர்த்திப் பேசாத சிஸ்டர். அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் நனைந்த சீட்டு ஒன்று.

என்ன நடந்தது என்றால், முதல் நாள் ராத்திரி மழையில் கோயில் கூரை ஒழுகி, மாதா சுரூபத்தின் மேலேயே சொட்டியிருக்கிறது. சாயங்காலம் தூபத்தில் போடவேண்டிய சீட்டெல்லாம் நனைந்துபோய்விட்டன. ஈரச் சீட்டு எரியாது என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தாம்பாளத்தில் காயப் போட்டிருக்கிறார். ஒன்றில் மட்டும் ஆஸ்பத்திரி சீல் கண்ணில் பட்டிருக்கிறது. லூர்துவின் பேரும் என் பேரும் இருந்திருக்கின்றன. படித்துவிட்டார்.

வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, மாதாகிட்ட வெச்சிட்டேன் சிஸ்டர் என்றேன். அவர் சீட்டை என் கையில் வைத்தார்.

"இது மாதாவுக்கு எழுதினது இல்லப்பா. உனக்கு எழுதினது."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. சீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எழுத்து எழுத்தாகப் படித்தேன். குழந்தை குறுக்காக இருக்கிறது. வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது. தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

பஸ் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லை. ரிப்பேருக்கு வந்திருந்த சைக்கிள்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழைக் காற்று எதிரே அடித்தது. ஜெபமாலை சொல்லப் பார்த்தேன், மந்திரம் பாதியில் மறந்து மறந்து போயிற்று. சின்ன வயசிலிருந்து சொல்லுகிற மந்திரம். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டு மிதித்தேன். "தப்பு என்னுது தாயே. அவள எடுத்துக்காத." மண்டகப்பட்டு வரைக்கும் அதுதான் என் ஜெபம். அங்கே இருந்து ஊருக்குப் போகிற வழியில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போயிற்று. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தேன்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் நின்றிருந்தது. கூப்பிடாமல் நான் வந்து நின்றதைப் பார்த்து உங்கள் தாத்தாவுக்கு முகம் மாறிப்போயிற்று. யார் சொல்லி வந்தீங்க மாப்ள என்றார். நான் பதில் சொல்லாமல் உடனே விழுப்புரம் போகணும் மாமா என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"இந்த ஊட்டுப் பொம்பளைங்க யாரும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல. இந்த மழையில தூக்கிக்கினு போயி, வழியில எதுனா ஆச்சுன்னா?"

நான் சீட்டை எடுத்தேன். தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. எல்லார் முன்னாலும் நானே சத்தமாகப் படித்தேன். அஞ்சலையம்மா வாசலுக்கு வந்து கேட்டுவிட்டு, எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, வயித்த அமுக்கிப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க என்றார். இது எப்ப குடுத்த சீட்டு என்று தாத்தா கேட்டார். இந்த மாதம் ஆரம்பத்தில் என்றேன். இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்றார். மாதா காலடியில் என்றேன்.

தாத்தா கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அந்த அடியை வாங்கினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று தோன்றியது.

அப்போது உள்ளே இருந்து லூர்துவின் குரல் வந்தது. ஒரு நாள் முழுக்கக் கத்திக் கத்தி அடைத்துப்போன குரல்.

"நைனா, அவர அப்பறமா அடிங்க. இப்பக் கட்டிலத் தூக்குங்க."

பிள்ளைகளே, தாத்தாவின் ஓங்கிய கை அப்படியே இறங்கிற்று. உள்ளே போனார். கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டை முதலில் பிடித்தவர் அவர்தான்.

ஆறு பேர் தூக்கினோம். மேலே ஒரு கோணியைப் பிடித்தார்கள். உங்கள் பாட்டி பக்கத்தில் நடந்தபடியே ஜெபமாலை சொன்னார்கள். ஓடையில் கட்டிலைத் தலைக்கு மேலே தூக்கினோம். ஊர்க்காரர்கள், மேலத்தெருக்காரர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், வராதவர்கள் எல்லாரும் தண்ணீரில் வரிசையாக நின்று கை மாற்றினார்கள். உங்கள் அம்மா மல்லாந்து படுத்தபடி, கட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையல் பாதி உடைந்துபோயிருந்தது. என்னைப் பார்த்தாள்.

மண்டகப்பட்டு ரோட்டில் கட்டிலை இறக்கின கொஞ்ச நேரத்தில் விழுப்புரம் பஸ் வந்தது. டிரைவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். இறங்கி வந்து ஒரு தடவை பார்த்தார். உள்ளே இருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். நீளமான பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். அங்கே இருந்து விழுப்புரம் வரைக்கும் அவர் எந்த ஸ்டாப்பிங்கிலும் நிறுத்தவில்லை. இறங்கவேண்டிய ஜனங்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

பெரிய டாக்டரம்மா பார்த்த உடனே ஆபரேஷன் என்றார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்னிடம் கொண்டுவந்தே பிரயோஜனம் இல்லை என்றார். ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். எழுத்துக் கூட்டி என் பேரைப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் மூன்று மணி இருக்கும். நர்ஸ் ஒருவர் துணியில் சுற்றிப் பிள்ளையைக் கொண்டுவந்தார். பெண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தாள். மூச்சு இருந்தது, ஆனால் அழவில்லை. நர்ஸ் என் கழுத்தில் இருந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, உங்க வழக்கப்படி எதுனா செய்யணும்னா இப்பவே செஞ்சிடுங்க என்று மெதுவாகச் சொன்னார்.

ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நீங்கள் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். நானும் உங்களைப் போலப் படித்தவன்தான். ஒரு நாள் எனக்கே அது வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஜெபமாலை மேரி என்று பேர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அவள் நெற்றியில் ஊற்றினேன்.

அவள் அழுதாள். அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நிறம் மெதுவாகச் சிவந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்தப் பிள்ளையும் அழும் என்று நர்ஸ் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது போதும்.

மாலா, உனக்கு அந்தப் பேரும் ஞானஸ்நானமும் அப்படித்தான் கிடைத்தன. பிறகு சாமியார் கோயிலில் வைத்து எண்ணெய் பூசி மற்றச் சடங்கை முடித்தார். ஆனால் தண்ணீர் ஊற்றினது உன் நைனாவின் கிரீஸ் படிந்த கை.

உங்கள் அம்மா மறுநாள் சாயங்காலம்தான் கண் விழித்தாள். பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தோம். ரொம்ப நேரம் பிள்ளையையே பார்த்தாள். விரலை எண்ணினாள். காதைத் தடவினாள். நான் கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு, என்னை மன்னிச்சிடு என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கட்டில்ல வரப்போ ரெண்டு மூணு தடவ கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. தூங்கிடலாம்னு இருந்துச்சு. உங்க மேல இருந்த கோவந்தான் என்னத் தூங்கவுடல. உங்களக் கேக்காம செத்துட்டா எப்பிடின்னு முழிச்சிக்கினு இருந்தேன்."

அப்புறம் கேட்டாள். ஒரே ஒரு கேள்வி. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

வயிறு அவளுடையது, வலி அவளுடையது, உயிரும் அவளுடையது. அதைப் பற்றி எழுதின சீட்டை அவளுக்கே காட்டாமல் ஒளித்தவன் நான்.

ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை. பிள்ளை தானாகத் திரும்பிவிடணும், யாருக்கும் ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடணும் என்றுதான் மாதா காலடியில் வைத்தேன். மாதா அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நெருப்பில் போகவேண்டிய சீட்டை, காலையிலேயே மழையில் நனைத்து, சிஸ்டர் கையில் கொடுத்து, என் கடைக்கே திருப்பி அனுப்பினாள். அந்தக் கூரை ஒழுகலைப் பற்றி நாங்கள் எத்தனையோ நாள் சாமியாரிடம் குறை சொல்லியிருக்கிறோம். அதற்குப் பிறகு நான் குறை சொன்னதில்லை. சாரம் கட்டி ஓடு மாற்றின அன்றைக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அந்த வருஷத்துக்குப் பிறகு நான் மாறினேன். சிஸ்டரிடம் போய் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள், பரவாயில்லை. இப்போது பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது என் கடையில் நின்று சீட்டைக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். தெரிந்ததைப் படித்துச் சொல்லுகிறேன். தெரியாததை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கிறேன். முக்கியமாக, அந்தப் பெண்ணுக்கு நேரிலேயே சொல்லுகிறேன். புருஷனிடம் மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. உங்கள் தாத்தாவும் தன் சின்ன மகளை, லூர்துவின் தங்கச்சியை, அவரே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த அடி மட்டும் இன்னும் பாக்கி இருக்குது மாப்ள என்று வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகளே, நீங்கள் பெரியவர்கள் ஆவீர்கள். பயப்படுகிற காரியம் வரும், வாயால் சொல்ல முடியாத வார்த்தை வரும். அப்போது கட்டாயம் ஜெபம் பண்ணுங்கள். நம்பிக்கையோடு பண்ணுங்கள். மாதா கைவிட மாட்டாள், என்னைக் கைவிடவில்லை. ஆனால் முழங்காலில் இருந்து எழுந்த உடனே, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஆண்டவர் அனுப்புகிற உதவி குடை பிடித்துக்கொண்டு வரும், நெற்றியில் விபூதியோடு வரும், ஓடைத் தண்ணீரில் வரிசையாக நிற்கும். நீங்கள் வாய் திறந்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சீட்டை உங்கள் அம்மா தன் ஜெபப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். மழையில் நனைந்து மை பரவிப்போயிருக்கிறது. ஆனாலும் படிக்க வரும். இதை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து மாலாவின் மடியில் வைத்தாள்.

மாலா இப்போது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் பக்கம் அவளுக்கு இன்னும் வராது. விரலை வைத்துப் பின்பக்கத்துத் தமிழை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். இரண்டு உயிருக்கும் ஆபத்து என்ற இடத்தில் நிறுத்தி, "ரெண்டாவது உசுரு நானா நைனா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். இந்தத் தடவை மறைக்கவில்லை.

உயிர் தந்து காத்த ஆண்டவருக்கும், சீட்டைத் திருப்பித் தந்த தாய்க்கும் என் வீட்டில் உள்ள எல்லாருடைய நன்றியும் என்றைக்கும் இருக்கட்டும்.